மலரக்காவும் காது வைத்த ஜாடியும்

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் மலரக்கா காரை நிறுத்தி இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. சுற்றி வந்து இடப்பக்கத்து முன் கதவைத் திறந்தார். உள்ளே குனிந்து சீட் பெல்ட்டை அவிழ்த்தார். யாரையோ கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்து, வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை அவசரமாகக் காலால் ஒதுக்கினேன்.

அவர் இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கியது ஒரு ஜாடி.

"பிடி செல்வி, கனக்குது. மோட்டர்வே முழுக்க மெல்லமாத்தான் வந்தனான். பின்னால வந்தவையெல்லாம் ஹோர்ன் அடிச்சிட்டுப் போகினம்."

நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பாபகூராவிலிருந்து எங்கள் வீடு வரை ஒரு ஜாடிக்கு பெல்ட் போட்டுக் கூட்டி வந்த ஒரே மனுஷி அவராகத்தான் இருக்கும்.

மலரக்கா என் கணவர் சிவாவின் அக்கா. எங்கள் ஊர்ப் பக்கம் நாத்தனாரை அண்ணி என்போம். யாழ்ப்பாணத்தில் அண்ணி என்றால் அண்ணன் மனைவி. அவர்கள் முறைப்படி நான் மச்சாள் என்று கூப்பிட வேண்டும், அது என் வாயில் வரவே இல்லை. கல்யாணமான புதிதில் நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவரே ஒரு வழி சொன்னார். "உன்ர வாய்க்கு எது வருதோ அதைச் சொல்லு. கூப்பிட்டாக் காணும்." அன்றிலிருந்து மலரக்கா.

பாபகூராவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் ஓர் ஆப் ஷாப்பில் நிற்பார். மக்கள் கொடுத்துவிட்டுப் போகிற பழைய சாமான்களைத் துடைத்து விற்று, அந்தப் பணத்தை நோயாளிகளுக்கு அனுப்புகிற கடை அது. அங்கே வந்த ஒரு பெட்டிக்குள் இருந்ததுதான் இந்த ஜாடி. அன்றைக்கே அவர் அதை வாங்கிவிட்டார்.

"நீ பாத்திரக் கடைக்காரியெல்லோ. சொல்லு பாப்பம், இது என்ன?"

பாத்திரக் கடைக்காரி

என் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. குடம், சொம்பு, உருளி, குத்துவிளக்கு. கடைக்குள் நுழைந்தால் புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசனையும், வைக்கோல் தூசியும் மூக்கில் ஏறும். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தேன், வந்த நாளிலிருந்து ஆக்லாந்தில் அதே வேலைதான் பார்க்கிறேன். ஆனாலும் இந்தக் குடும்பத்தில் எனக்கு நிலைத்த பட்டம் பாத்திரக் கடைக்காரி. சிவாவின் சொந்தக்காரர்கள் புது குக்கர் வாங்கினால்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் பால் காய்ச்சுவார்கள்.

ஜாடியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தேன். அடர்ந்த பச்சை. கிட்டே போனால் வெறும் பச்சை இல்லை, பழுப்பும் மஞ்சளும் பொடிப்பொடியாகத் தூவியிருந்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு வரம்புகள் ஓடின. கழுத்தின் இரு பக்கமும் சின்னக் குழாய்கள் போல இரண்டு காதுகள். இடுப்பு பருத்து, பாதம் அகன்று, ஒரு பெரிய மனிதர் மாதிரி நின்றது.

விரலால் தட்டினேன். "பீங்கான்தான் அக்கா. ஆனா பாக்கறதுக்கு வெண்கலம் மாதிரி இருக்கு. இந்த மாதிரி வரம்பும் காதும் எல்லாம் வார்ப்படத்துலதான் வைப்பாங்க. களிமண்ணுல இதெல்லாம் எதுக்குன்னு தெரியல."

"பழசா?"

"அது எனக்குத் தெரியாது. அப்பா கடையில பீங்கானே கிடையாது."

அவர் உள்ளங்கையால் அதன் வயிற்றைத் தடவினார். மழையில் வந்ததால் ஜில்லென்று இருந்தது. "என்னவோ, கண்டவுடன விட மனம் வரேல்ல. என்ர ஒற்றை அறை யூனிட் வீட்டில வைக்க இடமில்லை. கொஞ்ச நாள் உன்னட்ட நிக்கட்டும்."

வாசலில் நிறுத்தினோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அதற்குள் எங்கள் குடைகள் நின்றன.

தேடி வந்தவர்

வசந்தம் தொடங்கியிருந்தது. ஆப் ஷாப்பிலிருந்து மலரக்காவுக்கு போன் வந்தது. ஒருவர் அந்த ஜாடியைத் தேடிப் பல கடைகள் ஏறி இறங்கியிருக்கிறார். அவருடைய மனைவி இறந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அப்பாவுக்கு உதவி என்று நினைத்து மகள் வீட்டை ஒழித்தபோது, அந்தப் பெட்டியும் தவறிப்போய் வந்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். மலரக்காவும் வந்து சோபாவில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். கொடுக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. கொடுக்கத்தான் மனமில்லை.

வந்தவர் பெயர் கென் லாம். ஒல்லியான, உயரமான சீனர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பெற்றோர் ஆக்லாந்துக்குத் தெற்கே புகெகோஹேயில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார்களாம், இவர் இந்த நாட்டிலேயே பிறந்தவர். ஒரு பை நிறையக் கீரையோடு வந்தார். அது எங்களுக்கு. உள்ளே காலெடுத்து வைத்தவர், வாசலில் ஜாடியையும் அதற்குள் நின்ற குடைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய்க் குடைகளை உருவினேன்.

அவர் சிரித்தார். கண்ணில் நீர் நின்றது. "விடுங்கள். என் மனைவியும் குடைதான் வைத்திருந்தாள்" என்றார் ஆங்கிலத்தில்.

தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். ஜாடி அவர் மனைவியின் குடும்பத்தோடு சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. அந்தப் பச்சைக்கு அவர்கள் மொழியில் தேயிலைத்தூள் என்றே பெயராம். சிவா தேயிலை டப்பாவைத் திறந்து ஜாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓம், சரிதான்" என்றார்.

ஏன் வெண்கலம் மாதிரி செய்தார்கள் என்று கேட்டேன்.

"மிகப் பழைய காலத்தில் வெண்கலத்தில் இப்படிச் செய்தார்கள். பிறகு அதெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. எத்தனையோ தலைமுறை கழித்துத் தோண்டி எடுத்தவர்கள் ஆச்சரியப்பட்டுப் படம் வரைந்து வைத்தார்கள். படத்தைப் பார்த்துக் குயவர்கள் பீங்கானில் செய்தார்கள். அந்தப் பீங்கானைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் திரும்பவும் செய்தார்கள். ஏல நிறுவனத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். இது அரண்மனைச் சூளையில் செய்ததாகவும் இருக்கலாம், அதற்குப் பின்னால் யாரோ அதன் மேல் உள்ள மரியாதையில் அதே மாதிரி செய்ததாகவும் இருக்கலாம், எப்படிப் பார்த்தாலும் பழையதுதான் என்றார். என் மனைவி அவரிடம், 'சரி, என் குடையைக் கொடுங்கள்' என்றாள்."

கென் ஜாடியைத் தூக்கக் குனிந்தபோது மலரக்கா எழுந்தார்.

"மிஸ்டர் லாம்," என்றார் தன் ஆங்கிலத்தில். "நான் இதைச் சில நேரம் வந்து பார்க்கலாமா?"

கொடுத்துவிட்ட பொருளைப் பார்க்க வரலாமா என்று யாராவது கேட்பார்களா? சிவா என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். கென் மட்டும் அதில் விநோதம் எதையும் காணவில்லை.

"வியாழக்கிழமை வாருங்கள்" என்றார்.

ஒரு கோப்பை தேநீர்

தனியே போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார் மலரக்கா. கென் வீடும் பாபகூராவில்தான். இத்தனை வருடமாக ஒரே சூப்பர் மார்க்கெட்டில் இருவரும் வெங்காயம் பொறுக்கியிருக்கிறார்கள்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு நீளமான பலகைத் தட்டு. அதன் நடுவில் ஜாடி. இடப்பக்கம் அவர் மனைவியின் படம், சிரித்த முகம். படத்தின் முன்னால் இரண்டு ஆரஞ்சும் ஒரு சின்னக் கோப்பையில் தேநீரும். தேநீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

மலரக்கா அந்த ஆவியையே பார்த்தார். "ஒவ்வொரு நாளும் வைக்கிறீர்களா?"

"வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வாள்."

"நானும் வைக்கிறேன்" என்றார் மலரக்கா. "காலையில் முதல் தேநீர் அவருக்கு. பிறகுதான் எனக்கு."

இந்தக் கதையை நான் முறையாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மலரக்காவின் கணவர் ஊரில் சண்டை நடந்த காலத்தில், ஷெல் விழுந்து இறந்தவர். மகன் கஜன் அப்போது கைக்குழந்தை. அந்தக் குழந்தையோடு முகாம், கொழும்பு, பிறகு இந்த நாடு. அந்தப் பயணத்தில் அவர் தொலைக்காமல் கொண்டுவந்தது இரண்டுதான், மகனும் ஒரு படமும். வெள்ளைச் சட்டை போட்டு, தலைமுடியைப் படிய வாரி, கொஞ்சம் பயந்த மாதிரி நிற்கிற ஓர் இளைஞனின் படம். இப்போது கஜனுக்கு அந்தப் படத்தில் இருப்பவரைவிட வயது அதிகம்.

கென் ஜாடியைத் தொட்டார். "இந்த உருவமே அதற்காக வந்ததுதான். முன்னோருக்கு மதுவும் சோறும் படைக்கச் செய்த வெண்கலக் கலங்கள். இறந்தவர்களுக்குப் பசிக்கும் என்று நம்பியவர்கள் செய்தது."

"பசிக்கும்தானே" என்றார் மலரக்கா.

நான் ஜன்னல் பக்கம் போய் அவர் தோட்டத்துக் கீரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அறையில் எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது.

அதன் பிறகு வியாழக்கிழமைகளுக்கு நான் தேவைப்படவில்லை.

அப்பாவை எங்கே வைப்பீர்கள்?

கென் தோட்டத்திலிருந்து கீரை, முள்ளங்கி, பச்சை மிளகாய் என்று மலரக்கா வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அங்கிருந்து தோசை மாவும் கத்தரிக்காய்க் குழம்பும் போயின. மலரக்கா முடியை வெட்டிக்கொண்டார். கோயிலில் இரண்டு பேர் என்னிடம் வந்து, "உங்கட மச்சாளைக் கடற்கரையில ஒரு சீனரோட கண்டம்" என்று மெல்லச் சொன்னார்கள். "ஆமா, நல்லா காத்து வாங்கட்டும்" என்றேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள் எங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்தபடியே சொன்னார்.

"சிவா, கென் என்னைக் கலியாணம் கட்டக் கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

மலரக்கா உரித்த வெங்காயத்தையே திரும்பவும் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிவா எழுந்து போய் அக்காவின் தலையில் கை வைத்தார். தம்பி அக்காவுக்குச் செய்கிற காரியமா அது? ஆனால் செய்தார்.

பாபகூராவுக்குப் பக்கத்தில் தகனினியில் இருக்கும் கஜனிடம் சொல்லத்தான் பயம். புது வீடு, மார்ட்கேஜ், இரண்டு வயதுக் குழந்தை என்று ஓடிக்கொண்டிருக்கிறவன். அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்காதவன். அவன் வந்து, கேட்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் தன்மையாகத்தான் கேட்டான்.

"அப்பான்ர படத்தை எங்க வைப்பியள், அம்மா?"

அவன் அதோடு விடவில்லை.

"அந்த வீட்டில செத்துப்போன அன்ரியின்ர படம் இருக்கு. அப்பாவை எங்க வைப்பியள்? அறைக்குள்ளயா? அலுமாரிக்குள்ளயா?"

அடுத்த வாரம் அவன் அம்மாவின் யூனிட்டுக்குப் போய், சுவரிலிருந்து படத்தைக் கழற்றினான். "அப்பா என்னோட இருக்கட்டும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

அன்றைக்கு மலரக்கா அழுததை நான் எழுதப்போவதில்லை. கல்யாணம் வேண்டாம் என்று கென்னிடம் சொல்லும் அளவுக்குப் போனார் என்பதை மட்டும் சொல்கிறேன். கென் மறுத்துப் பேசவில்லையாம். தகனினிக்குக் காரை எடுத்துக்கொண்டு தனியே போனார். கஜன் கதவைத் திறந்தான், உள்ளே வரச் சொல்லவில்லை.

"உன் அப்பாவின் படம் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் நல்லது" என்றாராம் கென், வாசற்படியில் நின்றபடியே. "பலகைத் தட்டில் வலப்பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். மேலே போதுமான இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை."

கஜன் கதவைச் சாத்திவிட்டான். கென் திரும்பி வந்து மலரக்காவிடம், "அவன் நல்ல பையன், யோசிக்கிறான்" என்றார். அதற்குப் பிறகு மலரக்கா வேண்டாம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

அவவும் வரட்டும்

கல்யாணம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. சோபாக்களைக் கராஜுக்கு அனுப்பிவிட்டு, விரிப்பு விரித்து, வாசலில் வாழைமரத்துக்குப் பதில் பக்கத்து வீட்டு சமோவாக்காரர் கொடுத்த ஏதோ அகல இலைகளைக் கட்டினோம். கென்னின் மகள் வந்திருந்தாள். வந்த நேரத்திலிருந்து அந்த ஜாடி விஷயத்துக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். மலரக்கா அவளைப் பிடித்து உட்கார்த்தி, தலையில் பூ வைத்துவிட்டார். "நீ குடுக்காட்டி நான் இண்டைக்கு இங்க இல்லைப் பிள்ளை." நான் மொழிபெயர்த்தேன். அவள் அழுதாள்.

ஐயர் வந்து கும்பங்களை வைக்கத் தொடங்கியபோது, கென் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதில் ஒரு கும்பம் வைக்க முடியுமா என்று கேட்டார்.

எனக்கே திக்கென்றது. இறந்துபோன முதல் மனைவியின் சாமான். அதை மணவறையிலா? பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எல்லோரும் மலரக்காவைப் பார்த்தோம்.

கூறைச் சேலையில் இருந்தவர் ஜாடியைப் பார்த்தார். "அவவின்ர வீட்டுக்குத்தானே நான் போறன்," என்றார். "அவவும் வரட்டும்."

ஐயர் தாடையைச் சொறிந்தார். "செம்பு, பித்தளை, வெள்ளி... இல்லாட்டி மண். இது என்ன சாமான்?"

"மண்ணுதாங்க ஐயா" என்றேன் நான். "சுட்ட மண்ணு. மேல கொஞ்சம் பளபளப்பு, அவ்வளவுதான்."

"மண் எண்டா மண்தான்" என்று அவர் தண்ணீரை ஊற்றினார்.

மாவிலை வைத்தார். தேங்காயை வைத்தார், அது வாயில் அளவாக உட்கார்ந்தது. நூல் சுற்றும்போதுதான் சிக்கல். வழவழவென்ற பீங்கானில் நூல் நழுவி நழுவி விழுந்தது. ஐயர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, நூலின் முனையை எச்சில் படாமல் தண்ணீர் தொட்டு முறுக்கி, ஒரு காதுக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். சுற்றிக்கொண்டு போய் மறு காதுக்குள்ளும் விட்டார். நூல் நின்றது.

கென் சத்தமாகச் சிரித்துவிட்டார். என்னவோ ஏதோ என்று ஐயர் நிமிர்ந்தார்.

"வெண்கலத்தில் அந்தக் குழாய் கயிறு விடுவதற்காக வைத்தது," என்றார் கென். "தூக்கிக்கொண்டு போக. பீங்கானில் யாரும் கயிறு விட மாட்டார்கள், பாரம் தாங்காது. சும்மா அழகுக்கு வைத்தார்கள். இந்தக் குழாய்க்குள் முதல் முதலாக ஏதோ ஒன்று போகிறது."

நான் தமிழில் சொன்னேன். ஐயர் தலையை ஆட்டினார். "ஓட்டை வைச்சவன் சும்மா வைக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

தாலி கட்டும்போது மலரக்காவின் கண் வாசல் பக்கமே இருந்தது. கஜன் வரவில்லை.

திவசத்தன்று

சில வாரங்களில் கஜனின் அப்பாவுடைய திவசம் வந்தது. எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வோம் என்றார் மலரக்கா. "ஏன்? என் அடுப்பில் சமைத்தால் அவருக்குப் பிடிக்காதா?" என்று கென் கேட்டார். ஆகவே அவர் வீட்டிலேயே. கஜனுக்குச் செய்தி அனுப்பினோம். பதில் வரவில்லை.

நானும் மலரக்காவும் காலையிலிருந்து சமைத்தோம். வாழைக்காய், பூசணி, பயற்றங்காய், பருப்பு. படையல் போடும் நேரம் நெருங்கியது. வாசல் மணி அடித்தது.

கென்தான் போய்த் திறந்தார். கஜன் ஒரு துண்டில் சுற்றிய படச் சட்டத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். நேரே உள்ளே வந்தான். சமையலறைக் கதவு திறந்திருந்ததால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அவன் பலகைத் தட்டின் முன்னால் நின்றான். நடுவில் ஜாடி. இடப்பக்கம் கென் மனைவியின் படம், அதன் முன்னால் ஒரு கோப்பைத் தேநீர். வலப்பக்கம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் முன்னாலும் ஒரு கோப்பைத் தேநீர் இருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டான்.

"உன் அப்பாவுக்கு."

"படம் இல்லையே."

"படம் உன்னிடம் இருக்கிறது. தேநீர் இங்கே இருக்கலாம் அல்லவா? காலையில் இரண்டு பேருக்கும் நான்தான் ஊற்றுகிறேன். உன் அம்மா எழுந்திருக்க நேரமாகும். அவருக்கு இரண்டு கரண்டி சீனி என்று சொன்னாள். சரிதானே?"

கஜனுக்கு எப்படித் தெரியும்? அவன் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். "எனக்குத் தெரியாது, அங்கிள்" என்றான். "எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது."

கென் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவனும் விலகவில்லை. பிறகு துண்டைப் பிரித்து, படத்தை எடுத்துத் தட்டில் வைத்தான். வெள்ளைச் சட்டை இளைஞன், பயந்த மாதிரியே, அந்தச் சிரித்த முகப் பெண்மணிக்கு மறுபக்கத்தில் வந்து நின்றான்.

கஜன் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். தலையைச் சாய்த்தான்.

"ஷெல்ஃப் சரியில்லை. வலப்பக்கம் இறங்கியிருக்கிறது."

"அளந்துதான் அடித்தேன்" என்றார் கென்.

"இல்லை அங்கிள், பாருங்கள். அப்பா சரிந்து நிற்கிறார்."

"முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்."

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா?"

கென் கராஜுக்குப் போனார். ஜாடியை மெல்லத் தூக்கித் தரையில் வைத்தார்கள். கஜன் ஸ்டூலில் ஏறினான். மட்டம் பார்க்கிற கருவியில் குமிழ் நடுவில் நிற்கிறதா இல்லையா என்று இருவரும் மாறி மாறி ஆங்கிலத்தில் வழக்காடத் தொடங்கினார்கள். சுவர்தான் கோணல் என்றார் கென். சுவர் எப்படிக் கோணலாகும் என்றான் கஜன்.

சமையலறையில் மலரக்கா வாழைக்காய் நறுக்கிய கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்று, அவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.